உள்ளே போன கை

டாக்டர் குற்றாலிங்கம் தலை நரைக்கும்வரை சொந்த ஊரில் வைத்தியம் பார்த்தவர். பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ள மாவட்ட மருத்துவமனைக்கு வந்திருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பெனடிக்டா. வயதில் அவரைவிட மிகவும் சின்னவர். அதில் இருவருக்குமே சங்கடம் இல்லை.

அப்போது முத்துப்பேச்சியின் பெண்குழந்தை இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்தது. குறைமாதத்தில் பிறந்தது. தகப்பன் இசக்கிராஜா மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை.

"பிள்ளை முகத்தை அவுகளுக்கு ஒரு தடவை காட்டுங்க சார்," என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

குற்றாலிங்கம் தன் போனை எடுத்து வீடியோ காலில் காட்டினார். இசக்கிராஜா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றான்.

போனைச் சட்டைப்பையில் போடும்போது, குழந்தையின் மூக்கில் ஒட்டியிருந்த பால் குழாய் நழுவியிருப்பதைக் குற்றாலிங்கம் கவனித்தார். இன்குபேட்டரின் சின்னக் கதவைத் திறந்து, கையை விட்டு, குழாயைச் சரிசெய்தார்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்குப் பால் செரிக்கவில்லை. வயிறு உப்பியது. மூச்சு விட்டு விட்டு வந்தது. ரத்தத்தில் கிருமி இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. பெனடிக்டா மருந்தை ஆரம்பித்தார். முத்துப்பேச்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

குற்றாலிங்கம்தான் கேட்டார்.

"எங்கேயிருந்து வந்திருக்கும் மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"நான் உள்ளே வரும்போது சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். நடுவுல போனைத்தான் தொட்டேன். அது என் சொந்தப் போன். வேற யாரும் தொடுறது இல்ல."

பெனடிக்டா கையை நீட்டினார். "அதைக் கொஞ்சம் கொடுங்க."

அவர் கொடுத்தார்.

பெனடிக்டா போனோடு இன்குபேட்டர் அருகே போனார். இன்னொரு கையைக் கதவின் கொக்கிமேல் வைத்தார்.

"என்ன பண்றீங்க மேடம்?"

"பிள்ளை பக்கத்துல வைக்கப்போறேன்."

குற்றாலிங்கம் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சார்? உங்க சொந்தப் போன்தானே?"

"மேடம், அது பஸ்ல, டீக்கடை மேசைல... பாத்ரூமுக்குக்கூட எடுத்துட்டுப் போறேன்."

பெனடிக்டா கொக்கியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் அதை உள்ளே வைக்கலையே," என்றார் குற்றாலிங்கம். "கை மட்டும்தானே போச்சு."

"ஆமா சார். கைதான் போச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பெனடிக்டா குழாயடிக்குப் போனார். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று அவசரமில்லாமல் கழுவினார். கொக்கியையும் துடைக்கச் சொன்னார்.

குற்றாலிங்கம் பின்னாலேயே வந்து நின்றார்.

"அப்போ என்னாலதானா?"

"தெரியாது."

"உண்மையைச் சொல்லுங்க மேடம்."

"உண்மையைத்தான் சொல்றேன். அன்னைக்குப் பிள்ளையை நானும் தொட்டேன். சிஸ்டர் தொட்டாங்க. எக்ஸ்ரே எடுக்க வந்தவர் தொட்டார். எந்தக் கைன்னு யாராலயும் சொல்ல முடியாது."

யாராவது திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை.

மறுநாள் முதல் அவர் போனை வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். கையும் கழுவினார். ஆனால் எந்தக் குழந்தையையும் தொடவில்லை. தள்ளி நின்று என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். சிஸ்டர்கள் செய்தார்கள். ஊரில் எத்தனையோ பிரசவம் பார்த்த கைகள். இப்போது அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெனடிக்டா பார்த்தார்.

குழந்தை மெல்லத் தேறியது. வயிறு தணிந்தது. பால் செரித்தது. மூச்சு ஒரே சீராக வந்தது.

ஒரு காலையில் முத்துப்பேச்சியை உள்ளே வரச் சொன்னார்கள். நர்ஸ் ஒருவர் அவளைக் கை கழுவ வைத்து, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். தாயின் வெறும் மார்பில் குழந்தையைக் கிடத்த வேண்டும். அந்தச் சூட்டில் அது சீக்கிரம் தேறும்.

"நீங்க எடுத்து வைங்க சார்," என்றார் பெனடிக்டா.

குற்றாலிங்கம் நகரவில்லை.

"சிஸ்டர் வைக்கட்டும் மேடம்."

"ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயமா இருக்கு. இனி நான் இவளைத் தொடல. தொடாம இருந்தா என்னால ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது சார். ஒண்ணுமே ஆகாது. நாம எல்லாரும் அப்படி நினைச்சா அவ இந்தப் பெட்டிக்குள்ளயே கிடப்பா," என்றார் பெனடிக்டா. "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."