பிரசவ அறைக்குள் யாரைக் கூட்டிப்போவது?

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் நடந்தது இது. முடிவில் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்பேன். அதனால் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த செண்பகவல்லிக்கு அது இரண்டாவது பேறு. எட்டாம் மாதம் முடியும்போது கணவன் கருத்தப்பாண்டியிடம், "இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். வீட்டுலயே பெத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூத்தவன் பிறந்தபோது, வலி தாளாமல் கத்தியவளின் தொடையில் நர்ஸ் இரண்டு முறை அறைந்தாள். "புருஷன்கிட்டப் போகும்போது இந்தச் சத்தம் போட்டியா?" என்று ஒரு வார்த்தையும் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வலி மறந்துபோயிற்று, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் தேடியும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் போனதும் மறக்கவில்லை.

ஆனால் இம்முறை வீட்டில் பெறுவது நடக்காத காரியம். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது. பார்க்க வந்த கிராம நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "வீட்டுல பெத்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா. இப்போ ஒரு ஏற்பாடு இருக்கு. பொம்பளை ஆள் ஒருத்தர் ஒங்கூட உள்ளேயே இருக்கலாம். யாருன்னு நீதான் சொல்லணும்."

"கூட ஒருத்தர் இருக்கலாம்னா வாரேன்" என்றாள் செண்பகவல்லி. அவ்வளவுதான், வீட்டில் போட்டி ஆரம்பமாகிவிட்டது.

முதலில் வந்தவள் தாய் சீனியம்மாள். மகளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாயோடு வந்தாள். மகள் தும்மினாலே கண் கலங்குகிறவள். "பெத்தவ இருக்கையில வேற யாரு? தலையை மடியில வச்சுக்கிடுதேன். ரெண்டு அடி விழுந்தாலும் பொறுத்துக்கோ தாயி. எனக்கும் விழத்தான் செஞ்சுது. பிள்ளை மொகத்தைப் பாத்தா எல்லாம் சரியாப் போகும்."

மாமியார் ஆறுமுகத்தாய் விடவில்லை. "நீங்க அங்க போயி அழுவீய மதினி. நான் போறேன். எம் மருமவ மேல எவ கை வைக்கான்னு பாத்துருதேன்!"

சொன்னதைச் செய்கிறவள்தான். சென்ற தடவை விஷயம் தெரிந்ததும் வார்டுக்குள் புகுந்து அந்த நர்ஸைக் கிழி கிழியென்று கிழித்தாள். அவள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் கிடந்த மருமகள் தண்ணீர் கேட்டது அவள் காதிலேயே விழவில்லை. மறுநாளிலிருந்து செண்பகவல்லி கூப்பிட்டால் எந்த நர்ஸும் சீக்கிரம் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவதாக வந்தவள்தான் யாரும் எதிர்பாராத ஆள். ஓரகத்தி குருவம்மாள், கருத்தப்பாண்டியின் அண்ணன் மனைவி. இரவல் கொடுத்த கிரைண்டர் ரிப்பேராகித் திரும்பி வந்ததில் மூண்ட சண்டையால், ஒன்றரை வருஷமாக அவளும் செண்பகவல்லியும் பேசுவதில்லை. அவள் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, மாமியாரைப் பார்த்து, செண்பகவல்லிக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"அத்தை, வேணும்னா நான் போறேன். எனக்கும் அதே ஆஸ்பத்திரியிலதான் அடி விழுந்துச்சு. யாருட்டயும் சொல்லல. அங்க படுத்துக் கெடந்தா என்னத்துக்குப் பயம் வரும்னு தெரியும். என்ன வேணும்னு அவகிட்டயே கேட்டு, அது மாதிரி இருந்துக்கிடுதேன். பழைய சண்டை அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மூத்த மருமகளும் அடி வாங்கியவள் என்பது ஆறுமுகத்தாய்க்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செண்பகவல்லி மூவரையும் பார்த்தாள். அம்மாவை வேண்டாமென்றால் மூன்று நாளைக்குச் சாப்பிட மாட்டாள். அத்தை இல்லாவிட்டால், ஓங்குகிற கையை யார் தட்டிக் கேட்பது? முகம் கொடுத்துப் பேசாதவளை நம்பிப் போனால் தெருவே கேலி பேசும். மூன்று பேருக்கும் தன்மேல் பிரியம் உண்டு என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை, அந்த வாசல்படிக்காரிக்கும்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒருத்திதான் உள்ளே போகலாம் என்றால், செண்பகவல்லி யாரைக் கூட்டிப்போவது சரி?

விடை: குருவம்மாளைத்தான். அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற துணையும், அடிப்பவளோடு மல்லுக்கு நிற்கிற துணையும் பிரியத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் வலியில் கிடப்பவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க நினைத்தவள் இவள் ஒருத்திதான். செண்பகவல்லியும் அவளையே கைகாட்டினாள். அறைக்குள் நர்ஸ் குரலை உயர்த்தியபோது குருவம்மாள், "சிஸ்டர், அவ பயந்துபோயிருக்கா. என்ன செய்யணும்னு எங்கிட்டச் சொல்லுங்க, நான் அவகிட்டச் சொல்லுதேன்" என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் கழித்து குருவம்மாள் செண்பகவல்லியிடம் பேசிய முதல் வார்த்தை, "என்ன வேணும்?" இரண்டாவது, "முக்கு." மூன்றாவது, "பொம்பளைப் பிள்ளை."