மேசை ஓரத்து நாற்காலி

மரியதங்கம் டீச்சரின் கூடைப்பந்து அணி என்றால் தூத்துக்குடியில் இசக்கியம்மாள் என்றுதான் அர்த்தம். ஆட்டம் தொடங்குமுன் மைக்கில் முதலில் ஒலிக்கும் பெயர் அவளுடையது. பந்தைக் கூடையில் போடுகிற கை அவளுடையது. மற்றவர்கள் பந்தை அவளிடம் சேர்ப்பதற்காக ஓடினார்கள்.

பிறகு முழங்கால் போனது. இந்த ஒரு டோர்னமென்ட்டோடு விட்டுவிடச் சொன்னார் டாக்டர். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தவளை டீச்சர் பெஞ்சில் உட்காரவைத்தார். அவள் இடத்தில் பெனிட்டா என்ற புதுப் பெண் இறங்கினாள்.

அரையிறுதியில் பாதி ஆட்டம் முடிந்த பிறகு, "இசக்கி, போ" என்றார் டீச்சர். அவள் நேராகக் களத்துக்குள் ஓடினாள். நடுவர் மறித்துத் திருப்பி அனுப்பினார். மாற்று ஆள் முதலில் ஸ்கோர் மேசைக்குப் போய், அதன் ஓரத்தில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். விசில் ஊதி ஆட்டம் நின்றால்தான் இறங்கலாம். பச்சைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதிதான். ஆனால் என்றைக்கும் களத்தில் நின்றே ஆட்டத்தைத் தொடங்கியவளுக்கு அந்த நாற்காலியோடு பழக்கம் இல்லை.

கேலரி சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திரும்பி வந்த இசக்கி துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் மறுபடி அழைத்தபோது முட்டி வலிக்கிறது என்று பொய் சொன்னாள். அணி தட்டுத்தடுமாறி ஜெயித்தது.

மறுநாள் காலை ஜெர்சியை மடித்து எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். டீச்சர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மேசையில நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, டீச்சர்?"

"நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. இறங்குறவதான் போய்க் கேக்கணும்."

"எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல."

டீச்சர் ஒரு பந்தை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அந்தப் பெஞ்சுல உக்காந்து நான் என்ன செய்ய? அதையாவது சொல்லுங்க."

"சாயங்காலம் வா," என்றார் டீச்சர். ஜெர்சியை வாங்கிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் இறுதி ஆட்டம். டீச்சர் அவளைக் கூப்பிடவே இல்லை. கடைசி நிமிடங்களில் இரு அணியும் சமமாக இருந்தன. பெனிட்டா இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். ஓட வேண்டிய இடத்தில் நடந்தாள். டீச்சர் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போகவா, டீச்சர்?"

டீச்சர் தலையசைத்தார்.

நேற்றுச் சிரித்த கேலரிக்கு முன்னால் நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் யாரோ சிரித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

விசில் வரவில்லை. பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. பெனிட்டா ஒருமுறை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு வெறி வந்தவள் மாதிரி ஓடினாள். எதிரணியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, களம் முழுவதும் ஓடி, கூடையில் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள். ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் பெனிட்டாவைத் தூக்கிக்கொண்டார்கள். இசக்கி உட்கார்ந்தே இருந்தாள். மேசையை மடிக்க வந்தவர், நாற்காலியை எடுக்கணும்மா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். வாய்விட்டு அழுதாள் அவள்.

டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார்.

"நான் இறங்கவே இல்லையே, டீச்சர். இனிமே எங்க இறங்க?"

"நீ வந்து உக்காந்ததைப் பாத்த பிறகுதான் அந்தப் பிள்ளை மூச்சை மிச்சம் வைக்காம ஓடுச்சு. விழுந்தா நீ வருவேன்னு அதுக்குத் தெரியும்."

இசக்கி முகத்தைத் துடைத்தாள்.

"நீயும் இத்தன வருஷம் அப்படித்தான் ஓடின," என்றார் டீச்சர். "உனக்காக இதுல உக்காந்திருந்தவ பேரு என்ன?"

இசக்கிக்கு ஒரு முகம் நினைவு வந்தது. ஒல்லியான பெண், இரட்டைச் சடை. களத்தில் நின்றபடியே இசக்கி கையை ஆட்டி அவளை எத்தனையோ தடவை பெஞ்சுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

பெயர் வரவில்லை.