தாய்மாமன் போட்ட விடுகதை

கல்யாணம் பந்தல் வாசலிலேயே நின்றுபோனது. முகூர்த்தம் முடியப்போகிறது, மாப்பிள்ளையை உள்ளே விடமாட்டேன் என்கிறார் அவனுடைய தாய்மாமன் நாச்சிமுத்து. தன் மகளை விட்டுவிட்டு வெளியூரில் பெண் எடுக்கிறானே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் ஒரு விடுகதை போடுவார்கள். பெண் வீட்டார் அதை அவிழ்த்த பிறகுதான் மாப்பிள்ளை உள்ளே வரலாம். மாமன் மகா மேதை அல்லவா, அவரே போட்டார்.

"உள்ளே வெறுமை, வெளியே பெருமை. அவன் முழங்கினால் அடுத்தவன் பேச்சு காதில் விழாது. அவன் யார்?"

"மேளமுங்க," என்றார் பெண்ணின் அப்பா செங்கோடன், உடனே.

"இல்லை."

பானை என்றார்கள், மணி என்றார்கள், சங்கு என்றார்கள். எதைச் சொன்னாலும் இல்லை என்றுவிட்டு மீசையைத் தடவினார். பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சமையல் கொட்டகையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கரிக்கையோடு வந்தாள்.

"நான் சொல்லட்டுங்களா சாமி?"

"நீயா? சொல்லு, சொல்லு. சிரிச்சு நாளாச்சு."

"அவன்னுதானுங்களே சொன்னீங்க? அப்ப ஆளுதான். அது நீங்கதானுங்க."

பந்தலே சிரித்தது. நாச்சிமுத்துவின் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது.

"யாரடி நானு? அது மேளம்டி, மேளம்!"

"அதைத்தானுங்க பொண்ணோட அப்பா மொதல்லயே சொன்னாரு. வழிய விடுங்க, மாப்பிள்ளை வரட்டும்."

தாலி நேரத்துக்கு ஏறியது. கல்யாணத்தை நடத்திவைத்த புண்ணியத்தைச் சாப்பாட்டுப் பந்தியில் ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நடத்திவைத்தவள், பாத்திரம் தேய்த்த அந்த மாராத்தாள்.