கீறல் படாத பித்தளை

"என்கிட்ட யாருக்கும் ஒரு குறையும் கிடையாதும்மா. ஆனாலும் எதுவோ சரியில்ல" என்றார் தாணுமாலயன்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன சரியில்ல?"

"அதத்தான் சொல்லத் தெரியல. அதுக்குத்தான் வந்தேன்."

பணகுடிக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், ஓடு வேய்ந்த இரண்டு கட்டடங்கள். வடிவம்மை அங்கே நாலைந்து பேரோடு இருந்தார். ஒரு காலத்தில் மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்தவர். காவி கட்டியதில்லை, பிரசங்கம் செய்ததில்லை. ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களிடம் அவர் கேள்வி கேட்பார். சிலர் அதற்குமேல் வரமாட்டார்கள். சிலர் போகமாட்டார்கள்.

தாணுமாலயன் அவரைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நாகர்கோவில்காரர். தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேசிய எல்லோரும், வேறு வேறு வார்த்தைகளில், இவர்மீது ஒரு புகார்கூட வந்ததில்லை என்று சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எதுவோ சரியில்லை என்று அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

"வீட்டுல பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டார் வடிவம்மை.

"பழைய கருவிகள் சேர்க்கிறேன். நிலம் அளக்கிறது, உயரம் பாக்கிறது, காத்தழுத்தம் காட்டுறது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள். வீட்டுல ஒரு அறையே அதுக்குத்தான்."

"கெடைக்கிறதையெல்லாம் வாங்குவீங்களோ?"

"இல்லம்மா. ஒரு கீறல் இருந்தாலும் தொடமாட்டேன். ஒரு திருகு மாத்தியிருந்தாலும் வேண்டாம்னுடுவேன். செஞ்சவன் கையவிட்டு வந்த அன்னைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும்."

வடிவம்மை கீரைத் தண்டுகளை ஒதுக்கித் தள்ளினார்.

"அடுத்த தடவ வரும்போது ஒண்ணு கொண்டாங்க. உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ, அத."

*

அவருக்கு ரொம்பப் பிரியமானது ஒரு லெவல் கருவி. தரையின் ஏற்ற இறக்கம் பார்ப்பது. முழங்கை நீளத்தில் பித்தளைக் குழாய், அதன் முதுகில் மட்டம் காட்டும் ரசமட்டம், அதன் கண்ணாடிக்குள் ஒரு பச்சைக் குமிழி. ஈட்டிமரப் பெட்டியில், நீல வெல்வெட் பள்ளத்தில், உறங்குகிற பிள்ளைபோல் கிடக்கும். சென்னையில் ஒரு ஜமீன் வீட்டைக் கலைத்தபோது வாங்கியது.

பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முக்காலியைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டார்.

வடிவம்மை முன்னால் பெட்டியைத் திறந்தார். கருவியை எடுத்து வைத்துவிட்டு, ஃபிளானல் துணியால் குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. பழக்கம்.

"ஒரு கீறல்கூட இல்லையே. ஏன்?" என்று வடிவம்மை கேட்டது காதில் விழுந்தது.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நல்லா வச்சிருந்திருக்காங்கம்மா."

"ம்ஹூம்" என்றார் வடிவம்மை.

அதற்கு அடுத்த முறை, "பெட்டி நல்ல பெட்டி, அதனாலதான்" என்று சொல்லிப் பார்த்தார்.

"ம்ஹூம்."

"அதிர்ஷ்டம்" என்றார் இன்னொரு நாள்.

வடிவம்மை அதற்கு ம்ஹூம்கூடச் சொல்லவில்லை.

*

அந்த வருடம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. மலைச்சரிவில் ஒரு சுனை உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. ஆனால் அது இருந்த இடமும் ஆட்கள் இருந்த இடமும் வேறு வேறு. வடிவம்மையோடு இருந்தவர்களும், கீழே குடியிருப்பில் இருந்த பெண்களும், குடத்தோடு பாறை ஏறி இறங்கினார்கள். அதில் ஒருத்தி வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

ஓடை வெட்டலாம் என்று பேச்சு வந்தது. எந்தப் பக்கமாக வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கிவரும் என்பதில் ஆளுக்கொரு கட்சி.

"அதான் இவர் கருவி வச்சிருக்காரே. பாத்துச் சொல்லட்டும்" என்றார் வடிவம்மை.

தாணுமாலயனுக்குத் திக்கென்றது. வெயில், புழுதி. இந்தப் பக்கத்துக் காற்று வேறு ஆளையே தள்ளும். கருவி வாங்கிய நாள் முதல் வெல்வெட்டையும் மேசையையும் தவிர வேறெங்கும் அதை அவர் வைத்ததில்லை.

ஆனால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மறுக்கத் தெரியாமல், அடுத்த நாள் கருவியோடு வந்து முக்காலியை விரித்தார்.

குழாய் வழியாகப் பார்த்ததும் வேறு ஆளாகிவிட்டார். தூரத்தில் ஒருத்தர் நிறுத்திப் பிடித்திருந்த அளவுகோல் கண்ணுக்குள் வந்து நின்றது, எண்கள் பளிச்சென்று தெரிந்தன. புத்தகத்தில் படித்ததெல்லாம் கைக்கு வந்தது. குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவார், பார்ப்பார், கையை உயர்த்துவார். அங்கே ஒருத்தர் முளை அடிப்பார். சுனையிலிருந்து கட்டடம்வரை முளைகள் வரிசையாக இறங்கி வந்தன. அன்று மாலை அவர் இரண்டு மடங்கு சாப்பிட்டார்.

முளை பார்த்து வெட்டினார்கள். கல்லும் வேரும் நிறைந்த மண். இசக்கியம்மாள் என்று ஒருத்தி, குடியிருப்பைச் சேர்ந்தவள், பீடி சுற்றுவதை விட்டுவிட்டு நாள் தவறாமல் வந்து வெட்டினாள். கை ஒடிந்தவள் அவளுடைய தங்கை.

சுனையின் வாயைத் திறந்துவிட்ட அன்று குடியிருப்பே கூடியிருந்தது.

தண்ணீர் வந்தது. பாதிவரை வந்தது. ஒரு பெரிய பாறையைத் தாண்டியதும் தயங்கி நின்றது. பிறகு தேங்கி, வந்த வழியே பின்னால் ஏறிக் கரையை நனைத்தது.

இசக்கியம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

*

"கருவி பொய் சொல்லாது" என்று தாணுமாலயன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூட்டம் கலைந்தபின் முக்காலியை மறுபடி நிறுத்தினார். எதிரே ஒரு கல்லில் அளவுகோலைச் சார்த்திவைத்தார்.

குமிழியை நடுவில் நிறுத்திப் பார்த்தார். ஒரு அளவு.

குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி குமிழியை நிறுத்திப் பார்த்தார். வேறு அளவு.

கல் நகரவில்லை. கோல் நகரவில்லை. மூன்றாம் முறை பார்த்தார். இரண்டும் இல்லாத இன்னொரு அளவு.

அப்புறம் குழாயை விட்டுவிட்டுக் குமிழியை மட்டும் கவனித்தார். அது சோம்பேறித்தனமாக நகர்ந்தது. போகிற வழியில் எங்கேயோ மாட்டிக்கொள்வதுபோல் நின்றது. நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறியது. கருவியைச் செய்தவன் ரசமட்டக் கண்ணாடியின் உட்புறத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை. இது பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வடிவம்மையிடம் போனார்.

"கீறல் ஏன் இல்லன்னு கேட்டீங்களே. தெரிஞ்சுபோச்சு."

"சொல்லுங்க."

"முதல்ல வாங்கினவன் ரெண்டு நாள் வேலை செஞ்சதுமே கண்டுபிடிச்சிருப்பான், இது உதவாதுன்னு. பெட்டியில போட்டு மூடிட்டான். அவன்கிட்ட வாங்கினவனும் மூடிட்டான். வேலை செஞ்ச கருவியெல்லாம் காட்டுலயும் மேட்டுலயும் அடிபட்டு, தேஞ்சு, உடைஞ்சு போயிருக்கும். இது மட்டும் புதுசா இருக்கு."

வடிவம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும், இல்லையாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கருவியப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்."

"அப்புறம் ஏன் கீறல் இல்லன்னு கேட்டீங்க?"

"நான் கருவியக் கேக்கல" என்றார் வடிவம்மை.

தாணுமாலயனுக்கு மனைவியின் நினைவு வந்தது.

கோமதி இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் போனார். வருடங்கள் ஆகிவிட்டன. சண்டை கிடையாது. கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்ககூடச் சண்டை போடக்கூட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாளும் தாணுமாலயன் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தார்.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சொல்லாமல் கிளம்பினார். வடிவம்மை தடுக்கவில்லை.

*

பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம். அதனடியில் பெட்டியை வைத்துவிட்டு நின்றார். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

இசக்கியம்மாள் வேகமாக வந்தாள்.

"கெளம்பிட்டியளோ?"

"என்னால உங்க எல்லாருக்கும் வீண் வேலை. மன்னிச்சிக்கோங்க. இனிமே நான் இதுல தலையிடமாட்டேன்."

"தலையிட்டாச்சுல்லா. இப்பம் பாதி ஓடை மலையில கெடக்கு. அத யாரு பாப்பா?"

"நல்ல ஆளா யாரையாவது வச்சு…"

"ஆளு இருந்தா உங்கள ஏன் சார் கேக்கப் போறோம்?"

தாணுமாலயன் பேருந்து வரும் திசையைப் பார்த்தார்.

"இங்க பாருங்க" என்றாள் இசக்கியம்மாள். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. "பீடி சுத்த முடியல. தீப்பெட்டி பிடிக்க முடியல. எனக்கு உங்க மேல அம்புட்டுக் கோவம் இருக்கு. நீங்க பாட்டுக்கு பஸ்ஸுல ஏறிப் போயிட்டா இந்தக் கோவத்த நான் யார்கிட்ட காட்ட?"

அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அலுவலகத்தில் இல்லை, வீட்டில் இல்லை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

பேருந்து வந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பெட்டியையும் முக்காலியையும் பார்த்து, "சீக்கிரம் ஏறுங்க" என்றார்.

"இல்ல, நீங்க போங்க" என்றார் தாணுமாலயன்.

*

மறுநாள் பணகுடி கடைத்தெருவுக்குப் போய், கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் ஒரு சுருள் வாங்கி வந்தார். உள்ளே தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனையை இசக்கியம்மாளிடம் கொடுத்தார்.

"இதுக்குள்ள தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நிக்கும். நீ ஆட்டாம பிடி, போதும்."

அவள் ஆட்டினாள். தும்மல் வந்து கையைத் தாழ்த்தினாள். தண்ணீர் கொட்டிப்போனது. மறுபடி நிரப்பினார்கள்.

பெரிய பாறைக்கு இடப்பக்கமாகப் போகணும் என்று இசக்கியம்மாள் அடம்பிடித்தாள். வலப்பக்கம் என்றார் இவர். இடப்பக்கம் பார்த்தார்கள், மேடாக இருந்தது. அவர் சொன்னதுதான் சரி. அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பாத்துட்டா நல்லதுதான" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கீழ்ச்சரிவில் அவள் மூன்றாம் முறையாக முனையை நழுவவிட்டாள்.

"ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று கத்திவிட்டார் தாணுமாலயன்.

கத்தியபின் பயந்துபோனார். இசக்கியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார்வாளுக்குச் சத்தமெல்லாம் வருது" என்றாள். முனையை எடுத்துப் பிடித்தாள்.

வெட்டவும் அவர் கூட நின்றார். முதல் நாளே மண்வெட்டி வழுக்கிக் கணுக்காலில் பட்டது. வடிவம்மை கட்டுப் போட்டுவிட்டார். வேட்டி முள்ளில் கிழிந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது போய், நூல் கட்டிக்கொண்டார். ஓடைக் கரையில் உட்கார்ந்து மற்றவர்களோடு கஞ்சி குடித்தார். ஊறுகாய்க்கு இசக்கியம்மாளோடு சண்டை வந்தது. அது அடுத்த நாளும் தொடர்ந்தது.

*

இம்முறை தண்ணீர் நிற்கவில்லை. பாறையைச் சுற்றி, வேரைத் தாண்டி, தூசியும் சருகும் சுமந்துகொண்டு கலங்கலாகக் கட்டடத்தின் பின்பக்கம் வந்து தொட்டியில் விழுந்தது. பெண்கள் முதல் குடத்தைப் பிடித்துக் கீழே ஊற்றினார்கள். இரண்டாவதையும் ஊற்றினார்கள். அப்புறம் தெளிந்தது.

தாணுமாலயன் நனைந்த வேட்டியோடு வடிவம்மை முன்னால் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, நான் வந்து எத்தனையோ நாளாச்சு. நீங்க கேள்விதான் கேக்குறீங்க. எனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லித்தரல."

"என்ன வேணும்?"

"ஏதாவது ஒரு வார்த்தை. மிச்ச நாளுக்கு நான் பிடிச்சுக்கிற மாதிரி."

வடிவம்மை சொல்ல வாயெடுத்தார்.

அந்நேரம் மேலேயிருந்து இசக்கியம்மாளின் குரல் கேட்டது. மலையே கேட்கும்படியான குரல்.

"சார், வளைவுல கரை ஒடச்சிக்கிட்டு தண்ணி வெளிய போகுது. நீங்க வலப்பக்கம்னு சொன்ன இடந்தான். வாரியளா, அங்கனயே உக்காந்திருக்கப் போறியளா?"

தாணுமாலயன் அசையவில்லை. வடிவம்மையின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"கூப்பிடுறாங்க" என்றார் வடிவம்மை.