எட்டு மாதக் கிடை

பாலைவனம் ஊர்ந்து வருகிறது என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். இது பெரும்பிழை. இதைத் திருத்தாமல் மேலே ஒரு வரி எழுதுவதும் முறையாகாது. பாலைவனத்துக்குக் கால் இல்லை. அது எங்கிருந்தும் வருவதில்லை. புல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

கீதாரி சாத்தையாவும் அந்தப் பிழையோடுதான் குருவிடம் வந்தார். முந்நூறு செம்மறிகள் கொண்ட கிடைக்கு அவர் தலைவர், வயது அறுபத்திரண்டு. குரு பூரணத்தம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தேரி என்னும் செம்மணல் வெளியின் ஓரத்தில், கிணற்றை ஒட்டி, புல் வேய்ந்த குடிசையில் இருந்தார்.

உட்காரச் சொன்னார். சீடரான சாத்தையா உட்காரவில்லை. கம்பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். பிறகு வலக்கைக்கே மாற்றினார்.

“இந்த மணலு எப்பத் தாயே நிக்கும்?”

“எங்க நிக்கணும்?”

“எங்கய்யா காலத்துல விடிய ஓட்டுனா பொழுதுசாய மணலைத் தாண்டிரலாம். அக்கரையில மேய்ச்சல். எனக்கு ரெண்டு நாளாச்சு. இப்ப மூணு நாளு. நடுவுல ஒரு கொத்துப் புல்லு இல்ல. சினையாடு அறுபது நிக்குது. பாதி வழியில படுத்துச்சுன்னா எந்திரிக்காது.”

“அதனால?”

“இங்கனயே கிடை போட்டிருக்கேன்.”

“எத்தனை நாளா?” குரு தெரியாதவர் போலக் கேட்டார்.

“எட்டு மாசம்.”

“உங்கய்யா ஒரு எடத்துல எத்தனை நாள் போடுவாக?”

“மூணு ராத்திரி. மிஞ்சுனா நாலு.”

“அது கிடை. இது கிடையாக் கிடக்கிறது.”

சாத்தையாவுக்குச் சுருக்கென்றது. “எந்திரிக்க முடியாத நோயாளிக்குச் சொல்ற வார்த்தைய எனக்குச் சொல்றீகளே!”

“ஆடுகளப் பார்த்துச் சொன்னேன்.”

கிணற்றைச் சுற்றி ஆடுகள் வெறும் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தன. அவை வந்தபோது அங்கே முழங்கால் உயரப் புல் இருந்தது. இப்போது வேர்கூட மிச்சமில்லை. காற்றடித்தால் அங்கிருந்தும் மணல் கிளம்பியது.

“மூணு நாளைக்கு எதைக் குடுத்து ஓட்டிட்டுப் போக? உங்க உபதேசத்தையா திங்கும்?”

“திங்காது” என்று குரு எழுந்தார். சுவரில் ஏணியைச் சாய்த்தார். ஏறினார். கூரைக் கயிற்றை அறுத்து முதல் கற்றையைக் கீழே போட்டார்.

ஒரு கிடாய் ஓடி வந்து கடித்தது.

“என்ன தாயே காரியம் பண்றீக?”

“கிடாய வெரட்டுங்க. சினையாட்டுக்கு மட்டுந்தான் பத்தும்.” அடுத்த கற்றை விழுந்தது. “இந்தக் கிணத்தடியில அறுத்த புல்லுதான்.”

சாத்தையா கிடாயை விரட்டினார். கற்றைகளைக் கட்டி, கிடையோடு வந்த கழுதைகளின் முதுகில் ஏற்றினார். குடிசையில் நாலு சுவரும் வானமும் எஞ்சின.

“கூரையில்லாம இனி இங்க எப்படி இருப்பீக?”

குரு ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டினார்.

“புல்லு போன பெறகும் இருந்து பார்க்க, நானென்ன கீதாரியா?”

விடியலில் கிடை மணலில் இறங்கியது. அக்கரை சேர்ந்தபோது, வழியில் படுத்து எழாததால், சினையாடுகளில் இரண்டு குறைந்திருந்தன. அன்று சோறு போட, கூடவே வந்த குருவுக்கு ஒரு தட்டு கூடுதலாக வேண்டியிருந்தது.