மூக்காயியின் கிணறும் ராஜாவின் பாதக்கோலும்

முன்னொரு காலத்தில் கருங்கோட்டை நாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் உச்சி குளிர்ந்துபோவார். காலையில் ஒரு கட்டளை போட்டுவிட்டு, மாலையில் அதைப் போட்டது யார் என்று கேட்பார்.

அந்த நாட்டில் நிலத்தைப் பாதக்கோலால் அளப்பார்கள். ராஜாவின் பாதம் பதினாறு வைத்தால் ஒரு கோல். கீர்த்திவளவனின் அப்பாவான பழைய ராஜா காலத்துக் கோலே எல்லா ஊரிலும் புழங்கியது. பாகப்பிரிவினை ஓலைகளும் அதை வைத்தே எழுதப்பட்டிருந்தன.

மூக்காயியும் அவள் கொழுந்தனும் அப்படித்தான் பாகம் பிரித்திருந்தார்கள். இருவர் பங்குக்கும் நடுவே நட்ட கல்லிலிருந்து கிழக்கே முப்பது கோல் அவள் பங்கு. கிழக்கு ஓரத்தில் ஒரு கிணறு. அதை நம்பித்தான் மிளகாய் நட்டிருந்தாள்.

அவளுக்குக் கிழக்கே அடுத்த நிலம் தில்லைநாயகத்துடையது. அரசவையில் பெரிய மனிதர். தன் நிலத்தில் மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார், மூன்றிலும் பாறை. கோடையிலும் மூக்காயி கிணற்றில் தண்ணீர் கிடப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் ராஜாவிடம் போய், மறைந்தவரின் பாதத்தால் இன்னும் நாட்டை அளப்பது தங்களுக்கு இழுக்கல்லவா, தங்கள் மலர்ப்பாதத்தால் அல்லவா அளக்க வேண்டும் என்றார். ராஜா தம் பாதத்தைக் குனிந்து பார்த்தார். அது அப்பாவின் பாதத்தைவிட ஒரு விரற்கடை சிறியது என்பதை அவர் யோசிக்கவில்லை. தில்லைநாயகம் யோசித்திருந்தார். ஓலையில் கண்ட கோலுக்கு மேல் மிஞ்சும் நிலம் அளவை நடத்தும் அதிகாரிக்கே சேரும் என்று ஒரு வரியைச் சேர்த்து முத்திரை வாங்கிக்கொண்டார். அந்த அதிகாரியும் அவரேதான்.

மறுவாரமே புதுக்கோல் மூக்காயி நிலத்துக்கு வந்தது. கோல் குட்டையானதால், முப்பது கோல் முடிந்த இடம் கிணற்றுக்கு இந்தப் பக்கம். எல்லைக்கல்லைப் பிடுங்கி அங்கே நடவைத்துவிட்டு, தில்லைநாயகம் தண்ணீர் இறைக்கக் கிணற்றில் தன் கமலையைக் கட்டினார். பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் மிளகாய் கருகிவிடும். மூக்காயி வரப்பில் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அரண்மனைக்குப் புறப்பட்டாள்.

வாசலில் காக்க வைத்தார்கள். அங்கே ஒரு கல்வெட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று காவலரிடம் கேட்டாள். அரண்மனைக்காகக் கோயில் கொடுத்த இடம், கிழக்கு வாசலிலிருந்து மேற்கே நூறு கோல், பழைய ராஜா அளந்து வாங்கியது என்று அவர் படித்துச் சொன்னார். சொல்ல வந்த முறையீட்டை மூக்காயி அங்கேயே மாற்றிக்கொண்டாள்.

என்ன குறை என்று ராஜா கேட்டார்.

"குறை ஒண்ணுமில்லீங்க மகராசா. புதுக்கோல் வந்ததும் ஊர்ல ஆளுக்கொண்ணு பேசுறாங்க. அந்தக் கோலாலே மொதல்ல அரமனைய அளந்துட்டா, அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அரண்மனையை அளப்பது மரபல்ல என்று தில்லைநாயகம் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"என் பாதம் என் வீட்டை அளக்கக் கூடாதா?" என்றார் ராஜா.

கோல்காரர் கிழக்கு வாசலில் தொடங்கினார். லாயம் தாண்டியது, மடைப்பள்ளி தாண்டியது. நூறாவது கோல் கொலுமண்டபத்துப் படிக்குக் கீழே வந்து நின்றது. மண்டபமும் சிம்மாசனமும் அதற்கு அப்பால்.

மூக்காயி தில்லைநாயகத்திடம் கைகட்டிக் கேட்டாள். "ஐயா, மிஞ்சுன எடம் யாருக்குங்க?"

கட்டளையைப் படிக்கும்படி ராஜா சொன்னார். ஓலைக்காரர் படித்தார்.

"அப்படியென்றால் நான் உட்கார்ந்திருப்பது உம்முடைய இடம்," என்றார் ராஜா. "எழுந்துகொள்ளட்டுமா, தில்லைநாயகம்?"

தில்லைநாயகம் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். அந்தக் காலை ராஜா ஒருமுறை பார்த்தார். முதல்முறையாக அது அவருக்குச் சிறியதாகத் தெரிந்தது. உனக்கு இவர் செய்தது என்ன என்று மூக்காயியைக் கேட்டார். கிணற்றின் கதையை அவள் அப்போதுதான் சொன்னாள்.

புதுக்கோலை ராஜா அடுப்புக்கு அனுப்பினார். இனி எந்த ராஜாவின் காலும் அளவை மாற்றக் கூடாதென்று பழைய கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டவைத்தார். அந்த வட்டாரத்து எல்லை வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை மூக்காயிக்குக் கொடுத்தார். பிடுங்கிய கல்லைத் தில்லைநாயகமே சுமந்துபோய்ப் பழைய இடத்தில் நட வேண்டும், உதவிக்கு ஆள் கூடாது.

உச்சிவெயிலில் அவர் கல்லைத் தூக்கிவந்து, குழி தோண்டி, நட்டு முடித்தார். நாக்கு உலர்ந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார்.

மூக்காயி கிணற்றிலிருந்து சேந்தி, செம்பை அவர் முன்னே நீட்டினாள்.

"கெணறு யாருதுன்னு சொல்லிட்டுக் குடிங்க."

தில்லைநாயகம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊர்ச்சனங்களைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார்.

"உன்னுதுதான் தாயே," என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தார்.