அறுநூத்திப் பதிமூணாவது ஃபுட்நோட்டு

ஞானக் கதைன்னு சொன்னதுமே நிமிந்து உக்காந்துட்டீங்க.

ஒரு ஆலமரம் வரும். மரத்தடியில ஒரு தாடி வரும். சீடன் ஓடிவந்து கால்ல விழுவான். தாடி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மகனே, நிரம்பிய குடத்திலே..."ன்னு இழுக்கும். இழுத்துட்டு மறுபடி கண்ணை மூடிக்கும். நீங்க தலையை ஆட்டுவீங்க. உங்க பக்கத்துல இருக்கறவரும் ஆட்டுவாரு. ரெண்டு பேருக்கும் புரிஞ்சிருக்காது.

மன்னிக்கணும். இங்க மரம் கிடையாது.

திருநெல்வேலியில ஒரு லா காலேஜ். ரெண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஓடாது. குருவோட பேரு உமையாள், வயசு முப்பத்தி நாலு. தாடிக்கு வழியே இல்லை.

சீடனுக்கு வயசு அம்பத்தி ஒண்ணு. தூத்துக்குடி வக்கீல் வியாகப்பன். இருபத்தாறு வருஷ பிராக்டீஸ். கம்பெனிகளுக்கு அக்ரிமென்ட் எழுதிக் குடுக்கறதுல அந்த ஊர்ல அவர் பேரைத்தான் முதல்ல சொல்லுவாங்க.

சீடன் குருவை மேடம்னு கூப்பிடுவாரு. குரு சீடனை சார்னு கூப்பிடுவாங்க.

கால்ல விழறதும் இல்லை. சாருக்கு முட்டி வலி.

அன்னிக்குப் புதன்கிழமை.

"மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கீங்க மேடம்."

"ஆமா சார்."

"எங்க தப்புன்னு ஒரு வார்த்தை எழுதலை."

"ஆமா சார்."

வியாகப்பன் தீசிஸை மேஜை மேல வச்சாரு. தொம்முனு ஒரு சத்தம். வணிகச் சட்டத்துல எல்.எல்.எம். பட்டத்துக்கு அவர் எழுதின தீசிஸ். எரநூத்தி நாப்பது பக்கம். கம்பெனிக்காரன் அச்சடிச்சு நீட்டுற ஒப்பந்தத்துல சின்ன ஆளு எப்படி மாட்டிக்கிறான்ங்கிறதுதான் விஷயம்.

விஷயம் நல்ல விஷயம். எழுதினதும் நல்லாத்தான் எழுதியிருந்தாரு.

ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உமையாள் அதுல கையெழுத்துப் போட்டாகணும். இல்லைன்னா ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி. அஞ்சு வருஷம் சனி ஞாயிறு பஸ் ஏறி வந்து படிச்சது அத்தனையும் வீண். ஜூன் மாசம் ஒரு தனியார் காலேஜ்ல வந்து பாடம் எடுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. பட்டத்தோட வந்தா நாற்காலி. பட்டம் இல்லைன்னா தூத்துக்குடி கோர்ட்டு, மத்தியான வெயிலு, கறுப்புக் கோட்டு.

"காப்பி அடிச்சிருக்கேன்னு நினைக்கிறீங்களா? சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தாச்சு. நாலு பர்சென்ட்தான். அந்த நாலும் சட்டப் பிரிவுங்க. அதை நான் மாத்தி எழுத முடியாது."

"தெரியும் சார்."

"அறுநூத்திப் பன்னெண்டு ஃபுட்நோட்டு போட்டிருக்கேன்."

"எண்ணிப் பாத்தேன்."

"அப்புறம் என்னதான் மேடம் குறை?"

உமையாள் பதினேழாம் பக்கத்தைத் திருப்புனாங்க. ஒரு வரியில பேனாவை வச்சாங்க.

'கையெழுத்திடுபவர் எவரும் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.'

"இதுக்கு ஃபுட்நோட்டு இல்லை."

வியாகப்பன் சிரிச்சிட்டாரு. கோர்ட்டுல எதிர்க்கட்சி வக்கீல் தேதி மாத்திச் சொன்னா சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"மேடம், வெயில் சுடும்னு எழுதினா அதுக்கு யாராவது ஃபுட்நோட்டு போடுவாங்களா?"

"தீசிஸ் முழுக்க இந்த ஒரு வரி மேல நிக்குது சார்."

"ஒரு இங்கிலீஷ் ஜட்ஜு இதையே சொல்லியிருக்காரு. அவரைப் போட்டுடறேன்."

"அவர் யாரைக் கேட்டுச் சொன்னாரு?"

ஜட்ஜைப் போயி அப்படிக் கேக்கலாம்னே வியாகப்பனுக்கு இதுவரைக்கும் தோணினதில்லை.

"அப்ப நானே சாட்சி. இருபத்தாறு வருஷத்துல என் மேஜையில எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க தெரியுமா? ஒருத்தன் படிச்சதில்லை."

உமையாள் பக்கத்துல கிடந்த ஒரு பழைய கேள்வித்தாள் கட்டை எடுத்து அவர் முன்னால வச்சாங்க.

"எப்படிப் போடுவாங்க? காட்டுங்க."

இது அவருக்கு அல்வா சாப்பிடற மாதிரி. கட்டைத் தட்டி நேராக்குனாரு. பக்கங்களை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு ஒரு விரல்கடை இறக்கி, சீட்டுக்கட்டு மாதிரி விரிச்சாரு. அத்தனை பக்கமும் மறைஞ்சு, அடி ஓரம் மட்டும் படிக்கட்டா தெரிஞ்சுது. ஒவ்வொரு ஓரத்துலயும் பென்சிலால ஒரு பெருக்கல் குறி.

"இங்க. இங்க. இங்க. கடைசியில பேரு. அவ்வளவுதான். முப்பது செகண்டு."

"அழகா இருக்கு சார்."

"பழக்கம்தான் மேடம்."

உமையாள் நடுவுல ஒரு பக்கத்தை உருவப் பாத்தாங்க.

வரலை.

வியாகப்பனோட இடது கை கட்டு மேல இருந்துச்சு. அவர் அதைப் பாத்தாரு. கையை எடுத்தாரு. எடுத்து எங்க வைக்கிறதுன்னு தெரியாம சட்டைப் பையில வச்சாரு.



"கையெழுத்துப் போட்ட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க சார்," உமையாள் சொன்னாங்க. "படிக்கலைன்னு அவர் வாயால சொல்லட்டும். அறுநூத்திப் பதிமூணாவது ஃபுட்நோட்டா நானே எழுதிடறேன். எழுதின அதே பேனாவால கையெழுத்தும் போட்டுடறேன்."

"ஒரே ஆளு போதுமா?"

"போதும்."

படியிறங்கும்போது வியாகப்பனுக்கு முட்டி வலிக்கலை. ஒரு ஆளுதானே. தூத்துக்குடியில தெருவுக்கு நாலு பேர் இருக்கான்.

மறுநாள் காலையில கொம்பையா கடைக்குப் போனாரு.

கொம்பையா முன்னால ஒரு கம்பெனிக்கு கிரைண்டர் டீலர். தூத்துக்குடி வட்டாரத்துல அந்தக் கம்பெனி கிரைண்டரை விக்கறதும் அவர்தான், பழுது பாக்கறதும் அவர்தான். ஒன்பது வருஷம் ஓட்டுனாரு. ஊரே அந்தக் கம்பெனி பேரைச் சொல்ல ஆரம்பிச்சப்புறம் கம்பெனி ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துடுச்சு. ஒப்பந்தத்துல பதினொண்ணாவது ஷரத்து: விலகினப்புறம் அஞ்சு வருஷம் எந்த கிரைண்டரையும் விக்கக் கூடாது, பழுதும் பாக்கக் கூடாது.

கம்பெனிக்காக அதை எழுதினது வியாகப்பன். நாளைக்கு எவனும் இங்கிலீஷ் தெரியாதுன்னு தப்பிச்சிறக் கூடாதுன்னு நல்ல தமிழ்லயே எழுதியிருந்தாரு. கோர்ட்டுக்குப் போனா அந்த ஷரத்து நிக்காது. அதுவும் அவருக்குத் தெரியும். தீசிஸ்ல நாப்பது பக்கம் அதைத்தான் பிரிச்சு மேய்ஞ்சிருக்காரு.

கொம்பையாவுக்குத்தான் அது தெரியாது. யாரும் சொல்லலை.

கடையில ஃபேனுக்கு காயில் கட்டிக்கிட்டிருந்தாரு. ஒருத்தர் ஆட்டோவுல கிரைண்டரை ஏத்திக்கிட்டு வந்து நின்னாரு.

"கிரைண்டர் தொடமாட்டேன் அண்ணாச்சி. ரெண்டு கடை தள்ளிக் குடுங்க."

"நீரு பாத்தா பத்து நிமிச வேலைய்யா."

"அஞ்சு நிமிசம். ஆனா தொடக் கூடாது. இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

ஆட்டோ போயிருச்சு. வியாகப்பனுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். என்ன மாதிரி ஒரு உதாரணம். நேர்ல பாக்கறப்ப தீசிஸ்ல எழுதினதை விட நல்லா இருந்துச்சு.

"வாங்க ஐயா," கொம்பையா எந்திரிச்சு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாரு.

வியாகப்பன் உக்காந்து விஷயத்தைச் சொன்னாரு. திருநெல்வேலிக்கு ஒரு நாள் வரணும். ஒரு மேடம் ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. படிக்காமத்தான் போட்டேன்னு சொல்லணும்.

கொம்பையா கையில இருந்த செம்புக் கம்பியைச் சுத்திக்கிட்டே இருந்தாரு.

"சொன்னா உங்க வேல முடிஞ்சிருமா ஐயா?"

"முடிஞ்சிரும்."

"எனக்கு அந்தப் பதினொண்ணு போயிருமா?"

வியாகப்பன் போயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா அவர் இன்னும் கம்பெனியோட வக்கீல். அதுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல.

"இது ஒரு ஆராய்ச்சி கொம்பையா. பின்னால உங்களை மாதிரி இருக்கற எல்லாருக்கும் இதனால நல்லது."

"சரிங்க ஐயா. பின்னால நல்லதுன்னா சரி."

"படிக்கலை. அவ்வளவுதான். வேற எதுவும் பேச வேண்டாம்."

"படிக்கல," கொம்பையா சொல்லிப் பாத்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வியாகப்பனும் கொம்பையாவும் உமையாளோட ரூமுக்குள்ள போனாங்க. கூட ஒரு ஆளு அதிகம். கொம்பையாவோட சம்சாரம் ஜெயக்கனி. அவங்களுக்குத் திருநெல்வேலியில கண்ணாடி மாத்தணும், ஒரே பஸ் சார்ஜுல ரெண்டு வேலையாகட்டும்னு வந்திருந்தாங்க. கதவோரம் பெஞ்சுல மடியில பையை வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. அவங்களை யாரும் எதுவும் கேக்கலை.

உமையாள் பேனா மூடியைக் கழட்டுனாங்க. அந்தச் சத்தம் வியாகப்பனுக்கு நல்லாக் கேட்டுச்சு.

"உக்காருங்க அண்ணாச்சி. உங்க பேரு?"

"கொம்பையா."

"இது நீங்க கையெழுத்துப் போட்டதா?"

மேஜை மேல அந்த ஒப்பந்தத்தோட ஜெராக்ஸ். கொம்பையா சட்டையில கையைத் துடைச்சுட்டுத் தொட்டாரு.

"என் கையெழுத்துத்தாம்மா."

"போடறதுக்கு முன்னால படிச்சீங்களா?"

"படிக்கல."

நல்லா சொன்னாரு. இவ்வளவு நல்லா வரும்னு வியாகப்பனே எதிர்பாக்கலை.

உமையாள் பதினேழாம் பக்கத்துக்கு அடியில 613னு போட்டாங்க. பக்கத்துல கொம்பையான்னு பேரை எழுதினாங்க. டீலர், தூத்துக்குடின்னு எழுதினாங்க. தேதியும் எழுதினாங்க. வியாகப்பன் மணியைப் பாத்தாரு. மூணு பத்து. கீழ ஆபீஸ்ல குடுக்க ரெண்டு நிமிஷம். ஜூன் மாசத்து நாற்காலி கண்ணுக்குத் தெரிஞ்சுது. அதுல கை வச்சுக்கக் கட்டை கூட இருந்துச்சு.

கையெழுத்துப் போடற இடத்துக்குப் பேனா வந்துச்சு.

நின்னுச்சு.

"ஏன் அண்ணாச்சி படிக்கலை?"

இந்தக் கேள்வியை யாரும் சொல்லிக் குடுக்கலை.

கொம்பையா வியாகப்பனைப் பாத்தாரு. வியாகப்பன் ஃபேனைப் பாத்தாரு.

"அது... எழுத்து பொடி எழுத்தும்மா."

உமையாள் ஜெராக்ஸைப் பாத்தாங்க. எழுத்து நல்லா சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்துச்சு.

"பெருசாத்தானே இருக்கு?"

"நேரமும் இல்லம்மா. கடையில ஆளு இல்ல."

"பதினாறு பக்கம்தானே அண்ணாச்சி?"

"நமக்கு என்னம்மா தெரியும். படிச்சாலும் புரியாது."

சொல்லிட்டு அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மூணு காரணம் சொல்லியாச்சு. நாலாவது அவர்ட்ட இல்லை.

"புரியாதுன்னே போட்டுக்கலாம் மேடம்," வியாகப்பன் மெதுவா எடுத்துக் குடுத்தாரு. "அதுவும் தீசிஸுக்குப் பொருத்தம்தான்."

உமையாள் பேனாவை மறுபடி 613க்குப் பக்கத்துல கொண்டு போனாங்க.

கதவோரத்துல பெஞ்சு கிறீச்சுனு ஒரு சத்தம் போட்டுச்சு. ஜெயக்கனி எந்திரிச்சு நின்னுட்டாங்க. பை கீழ விழுந்தது கூட அவங்களுக்குத் தெரியலை.

"என்னத்துக்கு இப்பிடிப் பொய் சொல்லுதீய? ரெண்டு நாளு ஒக்காந்து வரிவரியா படிச்சியள்லா. பதினொண்ணு வேண்டாம்னு அடிச்சுத் தாங்கன்னு நாம ரெண்டு பேரும் போயி நின்னம்லா. எல்லாத்துலயும் இருக்கதுதான், சும்மா போடுங்கன்னு சொன்னது இந்த வக்கீல் ஐயாதான."